ஸ்டோர் சார்ஜென்ட் கெலெபி போகாத ஊர்

வைதோவு முகாமில் வெளிநாடு போகாத ஆள் யார் என்று கேட்டால், வாசல் காவல்காரன் முதல் சமையல்காரன் வரை எல்லாரும் ஸ்டோர் இருக்கும் திசையில்தான் கையைக் காட்டுவார்கள். அங்கே இருப்பவர் ஸ்டோர் சார்ஜென்ட் கெலெபி. வயது ஐம்பத்து நான்கு, சேவை இருபத்தேழு வருடம். லெபனான் பார்த்ததில்லை, சினாய் பார்த்ததில்லை, கோலான் மலையும் பார்த்ததில்லை. விமானம் ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் மச்சினி கல்யாணத்துக்காக, உள்நாட்டிலேயே பக்கத்துத் தீவில் இருக்கும் லபாசா வரைக்கும்.

ஃபிஜிப் பட்டாளத்தில் இப்படி ஓர் ஆள் இருப்பது அதிசயம். நாடே உள்ளங்கை அகலம், பட்டாளம் அதிலும் ஒரு கைப்பிடி. ஆனால் உலகத்தில் எங்கே இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டாலும், நடுவில் நிற்க ஐ.நா.வின் நீலத்தொப்பி போட்டுக்கொண்டு நம் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். ஆள் குறைவு என்பதால் போனவனேதான் திரும்பத் திரும்பப் போகவேண்டும். ஒரு வருடம் அங்கே, சில மாதம் வீட்டில், மறுபடியும் பெட்டி கட்டு. கெலெபியின் தாய்மாமன் மகன் வைசேயா பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். ஐந்து தடவை போய் வந்துவிட்டான். அவனுடைய கடைசிக் குழந்தை இரண்டு வயது வரைக்கும் 'அப்பா எங்கே?' என்றால் போனைக் காட்டும்.

கெலெபியை மட்டும் யாரும் அனுப்பவில்லை. குறை சொல்லி நிறுத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். புகழ்ந்தே நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறை பெயர்ப் பட்டியல் போடும்போதும் அப்போதிருந்த கர்னல், "கெலெபி இல்லாம ஸ்டோர் நடக்காதுப்பா" என்று முதுகில் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதுவும் உண்மைதான். எந்தக் கூடாரம் எங்கே இருக்கிறது என்பது கெலெபி ஒருவருக்குத்தான் தெரியும். ஏனென்றால் அது ஸ்டோரில் இருக்காது.

இங்கே கெரேகெரே என்று ஒரு வழக்கம். சொந்தக்காரன் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, 'உன்கிட்ட இருக்கற அந்தப் பொருள்...' என்று இழுத்தால் கொடுத்துவிட வேண்டும். இல்லை என்று சொல்வது சட்டப்படி குற்றமில்லை. அதைச் சொன்னவன் மறுநாள் எந்த முகத்தோடு தெருவில் நடப்பான் என்பதுதான் கேள்வி. ஒரு தீவுக் கூட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். கெலெபியோ பிறந்ததிலிருந்து இல்லை என்ற சொல்லைப் பழகாதவர். அதனால் பட்டாளத்துப் பெரிய கூடாரம் கல்யாணத்துக்குப் போகும். நூறு பேருக்குச் சமைக்கும் அண்டா சர்ச் மாநாட்டுக்குப் போகும். ஜெனரேட்டர் ஏதாவது ஒரு ரக்பி போட்டியில் ஓடிக்கொண்டிருக்கும்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு இருக்கீங்க" என்பாள் மனைவி உனைசி.

"நம்ம ஊர்தானே?" என்பார் கெலெபி. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இருபத்தேழு வருடத்தில் எந்தப் படை கிளம்பும்போதும் ஒரு கூடார முளைகூடக் குறைந்ததில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வைசேயாவின் லாரி ஊர் ஊராகச் சுற்றும். கெலெபி முன் சீட்டில் உட்கார்ந்து, இந்தத் திருப்பம், அந்தப் பாலம், அடுத்த சர்ச் என்று வழி சொல்வார். எல்லாம் வந்து சேரும். சில சமயம் கூடவே ஒரு பன்றிக்காலும் இரண்டு கட்டுக் கிழங்கும் வரும்.

அந்த வருடம் புதிதாக வந்த கர்னல் தொகலாவு முதல் வாரத்திலேயே கெலெபியைக் கூப்பிட்டார்.

"சார்ஜென்ட், நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"போனதில்ல சார்."

கர்னல் காகிதத்தை ஒருமுறை பார்த்தார், ஆளை ஒருமுறை பார்த்தார். "ஒரு தடவைகூடவா? எப்ப ரிட்டயர்மென்ட்?"

"செப்டம்பர் பன்னெண்டு சார். அன்னிக்கு அம்பத்தஞ்சு முடியுது."

"ஆகஸ்ட் இருபதாம் தேதி கோலானுக்கு நூறு பேர் கிளம்பறாங்க. கிளம்பும்போது சேவையில இருந்தா போதும், அங்க இருக்கற காலம் முழுக்க சேவை நீளும். உங்க பேரை எழுதிட்டேன். போயிட்டு வாங்க."

கெலெபி சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்து, ஸ்டோருக்குப் போகாமல் நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இதை அவரே உனைசியிடம் சொன்னார், உனைசி ஊருக்கே சொன்னாள்.

அவர் போக ஆசைப்பட்டதற்குக் காரணம் வீரமும் இல்லை, டாலரும் இல்லை. மாலையில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து யங்கோனா குடிப்பார்கள். வேரை இடித்துத் தண்ணீரில் கலக்கிய மண்நிறக் கஷாயம் அது. சிரட்டை கைமாறக் கைமாறக் கதைகள் வரும். ஒவ்வொரு கதையும், "நான் அங்க இருந்தப்ப..." என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வட்டத்தில் இருபத்தேழு வருடமாகக் கெலெபிதான் ஊற்றிக் கொடுக்கிறவர். அவரிடம் அப்படி ஆரம்பிக்கிற கதை ஒன்றுகூட இல்லை. வைசேயா வேண்டுமென்றே, "மச்சான், நீ லபாசா போன கதையைச் சொல்லேன்" என்பான். வட்டமே சிரிக்கும். கெலெபியும் சிரிப்பார், ஆனால் அது வலிக்கும்.

சரி, பெயர் வந்துவிட்டது. அதோடு ஒரு கடிதமும் வந்தது. கிளம்புவதற்கு முன் ஐ.நா. ஆட்கள் இரண்டு பேர் வந்து சாமான்களைப் பார்ப்பார்கள். கூடாரம், அண்டா, ஜெனரேட்டர், தண்ணீர் இயந்திரம் என்று பட்டியலில் இருப்பதெல்லாம் கண்ணெதிரே இருக்கவேண்டும், ஓடவும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிளம்ப முடியாது. பணக்கார நாடு என்றால் ஒன்று குறைந்தால் கிடங்கிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்துவிடும். நமக்கு இருப்பதே அந்த ஒன்றுதான். அதிலும் பாதி, யாரோ பெரிய நாட்டுக்காரன் பழசு என்று கழித்துக் கொடுத்தது.

வைசேயாவின் லாரி கிளம்பியது. அண்டாக்கள் வந்தன. நாலாவது ஊரில் பெரிய கூடாரத்தின் கீழே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சவப்பெட்டியில் படுத்திருந்தார். அடக்கம் முடியும் வரை கெலெபியும் வைசேயாவும் துக்கத்துக்கு வந்தவர்களாகவே உட்கார்ந்து பாட்டுப் பாடி, சாப்பிட்டு, வாத்தியாரின் மகளோடு சேர்ந்து அழுதுவிட்டு, கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளில் எல்லாம் சேர்ந்தது, ஒன்றைத் தவிர.

இதுவரை கிளம்பிய எந்தப் படைக்கும் தேவைப்படாத தண்ணீர் இயந்திரம் இந்தத் தடவை இரண்டு வேண்டும். நூறு பேருக்கு ஒன்று ஓட, ஒன்று மாற்றுக்கு. ஆளுயரப் பீரோ அளவில் இருக்கும், குட்டைநீரோ கடல்நீரோ எதையும் குடிநீராக மாற்றும். ஒன்று ஸ்டோரில் இருந்தது. இரண்டாவது, காகிதத்தில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று இரண்டு வருடமாக இருந்தது. உண்மையில் அது கோரோ தீவில், வுனிவாசா என்ற ஊரில், கெலெபியின் தாய்மாமன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

பெரும்புயல் அடித்த வருடம் அந்த ஊரில் கூரை என்று ஒன்று மிஞ்சவில்லை. கடல் உள்ளே வந்து கிணற்றில் இறங்கிவிட்டது. நிவாரணத்துக்குப் போன பட்டாளத்தோடு இயந்திரமும் போனது. பட்டாளம் திரும்பும்போது மாமா பவுலியாசி, திமிங்கிலப் பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கெலெபியின் முன்னால் உட்கார்ந்தார். இங்கே அந்தப் பல்லுக்கு மேல் பெரிய பேச்சு கிடையாது, அதை வாங்கிக்கொண்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். கெலெபி கையைக் குவித்துத் தட்டிப் பல்லை வாங்கிக்கொண்டார். இயந்திரம் அங்கேயே நின்றுவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியை மட்டும் துணியில் சுற்றிக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் கர்னலிடம் ஒப்புக்கொண்டார். கர்னல் கத்தவில்லை. "போய் எடுத்துட்டு வாங்க. அவ்வளவுதான்" என்றார்.

கெலெபியும் வைசேயாவும் கப்பல் ஏறினார்கள். தாய்மாமன் ஊரில் மருமகனுக்கு இருக்கும் உரிமை நமக்குத் தெரியாததல்ல. இங்கே அது இன்னும் ஒரு படி மேல். மருமகன் கோழியைப் பிடித்தாலும் படகை அவிழ்த்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், சிரித்துக்கொண்டு பார்ப்பார்கள். கேட்டால் போதும், இயந்திரம் படகில் ஏறிவிடும். இதில் கெலெபிக்குச் சந்தேகமே இல்லை.

கரையில் மாமா காத்திருந்தார். எண்பது வயது, கண்ணில் புரை. "மருமகனே, கடைசியில உன்னையும் அனுப்பறாங்களாமே! சொல்லிட்டுப் போக வந்தியா?" என்று கன்னத்தோடு கன்னம் வைத்து முகர்ந்தார். நெடும்பயணம் போகிறவன் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு போவதுதானே முறை. வேறு எதற்கு வந்திருப்பான் என்று அவருக்குத் தோன்றவில்லை. கெலெபி ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தார்.

இயந்திரத்துக்குத் தகரக் கொட்டகை போட்டு, சுற்றிலும் வெள்ளைக் கூழாங்கல் பதித்திருந்தார்கள். நாலு பெண்கள் முறை வைத்து அதைத் துடைக்கிறார்கள். டீசலுக்குத் தேங்காய்ப் பருப்பு காயவைத்து விற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள். ஊர் நர்ஸ் சொன்னாள்: "புயல் வருஷம் வயித்துப்போக்குல ரெண்டு குழந்தைங்களைப் புதைச்சோம். இது ஓட ஆரம்பிச்சப்புறம் ஒண்ணுகூட இல்ல. கிணறு இன்னும் உப்புதான்."

ஊர் கூடி விருந்து வைத்தது. மண்ணடுப்பில் வெந்த பன்றி, தேங்காய்ப்பாலில் மீன், கிழங்கு. பெண்கள் ஒரு பாயை மடித்துக் கெலெபியின் மடியில் வைத்தார்கள், குளிர் நாட்டுக்குப் போகிறவர் என்று. மாமா கடைசியில் கேட்டார்: "வேற என்ன வேணும் சொல்லு மருமகனே. இந்த ஊர்ல இருக்கறது எல்லாம் உன்னோடதுதான். நீ வாயைத் திறந்தா போதும்."

வைசேயா கெலெபியின் தொடையில் கிள்ளினான். இயந்திரத்தைக் கேட்பதற்காகத் தன் பையில் கொண்டுவந்திருந்த திமிங்கிலப் பல்லைக் கெலெபி எடுத்து மாமா முன்னால் வைத்தார். "ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா. போயிட்டு வரேன்" என்றார்.

திரும்பும் கப்பலில் வைசேயா பொரிந்து தள்ளினான். "ஏன்டா, உனக்கு என்ன பைத்தியமா? எங்க அப்பன்தானே? நான் பிறந்த ஊர்தானே? எனக்கில்லாத அக்கறை உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"கேட்டா குடுத்துருவாங்கடா."

"அதுக்குத்தானே போனோம்!"

"குடுத்துருவாங்க வைசேயா. ஒரு வார்த்தை கேட்கமாட்டாங்க. சிரிச்சுக்கிட்டே தூக்கிவிடுவாங்க. அதான் கேட்க முடியல."

 வைசேயாவுக்கு வாய்தான் கெட்டது, மனசு கெட்டதில்லை. ஐந்து தடவை போய் வந்தவன் தன் மச்சான் ஒரு தடவையாவது போகவேண்டும் என்று தவித்தான். கரை இறங்கியதும் அப்பாவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டான்.

வெறுங்கையோடு வந்து நின்ற கெலெபியிடம் கர்னல், "அப்ப சோதனையில நீங்களே பதில் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். சோதனை நாள் வந்தது. ஐ.நா.விலிருந்து வந்த அம்மாள் பெயர் இங்குன், நார்வேக்காரி. நெட்டையான, நிதானமான மனுஷி. கூடவே கானா நாட்டு மேஜர் ஒருவர். மைதானத்தில் சாமான்கள் வரிசையாக நின்றன. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள், ஜெனரேட்டரை ஓடவிட்டுக் கேட்டார்கள். தண்ணீர் இயந்திரத்தின் முன்னால் வந்து அந்த அம்மாள், "இன்னொன்று?" என்றாள்.

கெலெபி பதில் சொல்ல வாயெடுக்கும்போது வாசலில் சங்கு ஊதும் சத்தம் கேட்டது. துறைமுகத்திலிருந்து வந்த வாடகை லாரி உள்ளே நுழைந்தது. அதன் மேலே, பச்சை இலைத் தோரணம் சுற்றி, இரண்டாவது இயந்திரம். எட்டு ஆண்கள் இடுப்பில் பாய் கட்டி, உடம்பில் எண்ணெய் பூசி, அதை இறக்கித் தோளில் தூக்கி வந்தார்கள். முன்னால் மாமா பவுலியாசி, புரை விழுந்த கண்ணோடு, யாரோ கைபிடித்துக் கூட்டிவர நடந்தார். கெலெபியின் காலடியில் புல்லில் உட்கார்ந்தார். எட்டுப் பேரும் இயந்திரத்தை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"மருமகனே, நீ கேட்காமப் போயிட்டே. அது எங்களுக்குத் தலைகுனிவு. இது உன் பொருள். உன் பயணம் நல்லபடியா நடக்கட்டும். வாங்கிக்கோ" என்றார் மாமா.

கர்னலின் முகம் மலர்ந்துவிட்டது. நார்வே அம்மாள்கூடப் பேனாவைத் திறந்தாள். கெலெபி செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. உட்கார்ந்து, கையைக் குவித்து, மூன்று தரம் தட்டவேண்டும். அவ்வளவுதான். கோலான் அவருடையது.

கெலெபி உட்கார்ந்தார். கையைத் தட்டவில்லை.

"இல்ல மாமா" என்றார்.

ஐம்பத்து நான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் முதல் தடவை வந்தது. எட்டுப் பேரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். வைசேயா லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான். இப்படி முறையாகக் கொண்டுவந்து வைத்ததை வேண்டாம் என்பது, கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"இல்ல மாமா. எடுத்துட்டுப் போங்க. இன்னிக்குக் கப்பல்லயே ஏத்துங்க. பிள்ளைங்க உப்புத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கும்" என்றார் கெலெபி. 

"கெலெபி!" என்றார் கர்னல். "என்ன பேசறீங்கன்னு தெரியுதா?"

"தெரியுது சார்."

நார்வே அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கானா மேஜருக்குப் புரிந்திருக்கவேண்டும், அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "சார்ஜென்ட், இந்த இயந்திரம் உங்கள் பட்டாளத்துடையதா, இல்லையா? ஆம் என்றால் என் வேலை இப்போதே முடிந்துவிடும்."

"இல்ல மேடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பல்லை வாங்கிக்கிட்டுக் குடுத்துட்டேன். பழுதுன்னு எழுதினது நான்தான். பொய். எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு."

 மாமா தடவித் தடவிக் கையை நீட்டி மருமகனின் முழங்காலைத் தொட்டார். "சரி. உங்க அம்மா பிடிவாதம் உனக்கும் இருக்கு" என்றார். எட்டுப் பேரும் எழுந்து, தோரணத்தோடு அதை மறுபடி தோளில் ஏற்றினார்கள்.

ஒன்று குறைவு என்று எழுதிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டாள். ஆறு வாரம் கழித்து மறுசோதனை. கர்னல் அன்று மாலையே ஆஸ்திரேலியாவில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டார். ஒரு பட்டாளம் இன்னொரு பட்டாளத்திடம் தலையைச் சொறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கப்பலில் இயந்திரம் வருவதாகச் சொன்னார்கள். பயணம் அக்டோபர் இரண்டாம் தேதிக்குத் தள்ளிப்போனது. செப்டம்பர் பன்னிரண்டு அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. யாரும் கெலெபிக்குக் கணக்குச் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை.

தள்ளிப்போனது அவருக்கு மட்டுமா? கோலானில் ஏற்கெனவே இருக்கும் நூறு பேர் மாற்று ஆள் வராமல் திரும்ப முடியாது. அவர்களுக்கு ஆறு வாரம் கூடுதல். சந்தையில் அவர்களுடைய மனைவிமார் கெலெபியைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்க வீட்டுக்காரர் வராம என் மகளுக்கு நிச்சயம் பண்ண முடியல. எல்லாம் உன் தானதர்மத்தால!" என்று ஒருத்தி கிழங்குக் கட்டைக் காட்டித் திட்டினாள். கெலெபி, "தப்புதான்மா" என்று அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடப் போனார். ஆறு வாரமும் அதே வேலையாக இருந்தார். யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும், யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கெலெபி நின்றார். நாலாவது வாரம் திட்டியவளே சாப்பாடு போட்டாள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி சாவிக்கொத்தை ஒப்படைக்கப் போனபோது கர்னல் கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க கெலெபி. அன்னிக்கு வாங்கிக்கிட்டு, அந்த அம்மா போனதும் திருப்பி அனுப்பியிருக்கலாமே? ஆஸ்திரேலியாக்காரன் தர்றது அப்பறம் வந்திருக்கும். எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"யோசிச்சேன் சார். அந்த நிமிஷத்துலயே யோசிச்சதுதான். ஆனா வாங்கிட்டா அது பட்டாளத்துது. பட்டாளத்துது கோலானுக்குப் போகும். திருப்பி அனுப்பறது என் கையில இருந்திருக்காது." கெலெபி சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். "கேட்டா இல்லன்னு சொல்லத் தெரியாதவங்க சார் அவங்க. நானும் அப்படித்தானே. இல்லன்னு சொல்றதுக்கு யாராவது ஒருத்தர் வேணும்ல."

கர்னல் எழுந்து நின்று, தனக்குக் கீழே இருந்தவருக்குத் தானே முதலில் சல்யூட் அடித்தார்.

அக்டோபர் இரண்டாம் தேதி காலை பஸ்கள் கிளம்பின. கெலெபி கட்டம் போட்ட சட்டையும் வேட்டி மாதிரி இடுப்பில் கட்டிய சுலுவுமாக, வழியனுப்ப வந்த மனைவிமார் கூட்டத்தில் நின்றார். பட்டாளத்து உடுப்பில்லாமல் அந்த வாசலில் அவரை யாரும் பார்த்ததில்லை. ஆறாவது தடவையாகக் கிளம்பும் வைசேயா ஜன்னலில் தலையை நீட்டினான். ஏதாவது கிண்டல் செய்வான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் உதடு மட்டும் கோணியது. கெலெபி கையை உயர்த்தி ஆட்டினார். கடைசி பஸ் திரும்பி மறைந்ததும் வாசல் ஓரக் கல்லில் உட்கார்ந்து, ஐம்பத்தைந்து வயது மனிதர், கூட்டத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதார்.

உனைசி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவிமார் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். காவல்காரன் கதவைச் சாத்தினான்.

"என்னங்க, அழுது முடிச்சாச்சா? வீட்டுக்குப் போகலாமா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார் கெலெபி.

"சரி, நகருங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் கல்லிலேயே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.